சதுர வில்லையும் ஒரு கருப்பு இழையும்

சின்ன காஞ்சிபுரம்,
வைகாசி 22.

அன்பு மகள் சந்தியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் வீடும் இருக்கிறோம். நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் கார்த்திகையில் உன் அப்பா போனதிலிருந்து அந்தச் சொல்லை எழுதக் கை போகவில்லை, அதனால் இருக்கிறோம் என்று எழுதுகிறேன். அங்கே நீ நலமா என்று கேட்பதா, நீங்கள் நலமா என்று கேட்பதா என்று தெரியாமல் இரண்டு நாளாகப் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன். அந்தச் சந்தேகத்துக்காகத்தான் இந்தக் கடிதமே. போனில் கேட்டிருக்கலாம், கேட்டும் பார்த்தேன், கேட்கிற போதெல்லாம் உனக்கு சிக்னல் போய்விடுகிறது, கேள்வி முடிந்ததும் சிக்னல் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஐந்தாவது வரை படித்தவள் எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள், ஆனால் கேட்டதற்குப் பதில் எழுதாமல் இருந்தால் நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். விலாசத்தை உன் சிநேகிதி ஆஷிஃபாதான் இங்கிலீஷில் எழுதித் தரவேண்டும். அவள் மேலும் எனக்குச் சந்தேகம் இருப்பதால் கவரை நன்றாக ஒட்டிவிட்டுத்தான் அவள் கையில் கொடுப்பேன்.

முதலில் வீட்டு சேதி. கருட சேவைக்கு வழக்கம் போலத் தெரு கொள்ளாத கூட்டம். நான் வாசலுக்குப் போகவில்லை, ஜன்னல் வழியாகக் குடை அசைந்து போவதை மட்டும் பார்த்தேன், பக்கத்து வீட்டுத் துளசி அக்கா தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தாள். வெயில் தாங்கவில்லை, குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். அப்பாவின் தறியைப் பழைய போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறேன். துளசி அக்கா வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது, அதற்கு நான் நூல் சுற்றித் தருகிறேன், கை ஓடிக்கொண்டிருந்தால் பொழுதும் ஓடுகிறது. இனிமேல் முக்கியமான சேதி. உன் பெரியப்பா திருஞானசம்பந்தம் உனக்கு ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறார். ஐயம்பேட்டைப் பையன், பெயர் பிரேம்நாத், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில் வேலை, குடிக்க மாட்டானாம், ஒரே தங்கை, அதற்கும் கல்யாணம் ஆகிவிட்டதாம். அப்பாவின் வருஷ திதி முடிந்த கையோடு தையில் வைத்துக்கொள்ளலாம், இப்போது வாய் வார்த்தை மட்டும் போதும் என்கிறார்கள். ஆனி பிறப்பதற்குள் பதில் சொல்லவேண்டும் என்றார்கள். பெரியப்பா மூன்று தடவை வந்துவிட்டார். பொண்ணு அங்க பனியில உறைஞ்சா பூட்டா, ஒரு வார்த்தை சொல்றதுக்கு இத்தினி நாளா என்று போன வெள்ளிக்கிழமை என் எதிரிலேயே கேட்டார்.  அன்றைக்கு வரை நான் பதில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் நீதான். உன் போட்டோக்கள்தான்.

மாசி பிறப்பதற்கு முன்னால் நீ ஒரு திருவிழாவிலிருந்து எனக்கு வீடியோ கால் போட்டாயே, அதிலிருந்து வருகிறேன். நீ வேலை பார்க்கிற வடகோடிப் பனி தேசத்தில், இரண்டு மாதமாகச் சூரியனே எட்டிப் பார்க்காத ஊரில் வெளிச்சம் திரும்பி வந்திருக்கிறது, அந்தப் பக்கத்துப் பழங்குடி ஜனங்கள் ஒரு வாரம் திருவிழா கொண்டாடுகிறார்கள் என்று காட்டினாய். அவர்கள் பெயர் சாமி என்று நீ சொன்னதும், எந்தச் சாமிக்கு உற்சவமாம், கேளு என்று துளசி அக்கா பின்னாலிருந்து கேட்டாள், நீ சிரித்தாய், அப்பா போன பிறகு நீ சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். ஊர் நடு ரோட்டில் பனியைக் கொட்டி, கொம்பு வைத்த மானை ஓடவிட்டு, அது பின்னால் நீளக் கட்டைச் செருப்பில் ஒருவன் பனியில் வழுக்கி இழுபட்டுக்கொண்டே போனான். இன்னொரு பக்கம் கம்பத்தில் மாட்டிய கொம்புக்குக் கயிற்றுச் சுருக்கு வீசினார்கள். நீ தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம், உன்னுடைய அந்தக் கருப்பு மெத்தைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வேடிக்கை பார்க்கிறவர்களோடு நின்றாய். அப்போது நீ சொன்னதையெல்லாம் நான் மறக்கவில்லை. நீலச் சட்டை, சிவப்பு மஞ்சள் கரை, அந்தக் கரையைப் பார்த்தே எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடுவார்கள் என்றாய். கரையைப் பார்த்து ஆளைச் சொல்வது நமக்கு என்ன புதிதா என்று நான் கேட்டேன். அப்புறம் சொன்னாய், பொம்பளைங்க இடுப்பு பெல்ட்டுல வெள்ளி வில்லை இருக்குது பாரும்மா, வட்டமா இருந்தா கல்யாணம் ஆவாதவ, சதுரமா இருந்தா ஆனவ என்று. நம்ம மெட்டி மாதிரி என்று நான் சொன்னேன், ஆமாம் என்றாய். இன்னும் ஒன்று சொன்னாய், வெளி ஆளுங்க இந்தச் சட்டையை ஆசைக்குப் போட்டுக்கக் கூடாதும்மா, அவங்களுக்கு மனசு கஷ்டமாயிடும் என்று. இதெல்லாம் நீ சொன்னது, நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை.

அப்புறம் இன்னொன்று. மான் வைத்திருக்கிறவர்களிடம் எத்தனை மான் என்று கேட்கக்கூடாது, அது மரியாதை இல்லை என்றும் சொன்னாய். உன் பெரியப்பா அங்கே வந்தால் முதல் கேள்வியே அதுதான் கேட்பார், அது இருக்கட்டும். எனக்கு அன்றைக்கே உறுத்தியது. வேடிக்கை பார்க்கப் போனவளுக்கு மான் எப்படி ஓடும் என்று சொல்வார்கள், எத்தனை என்று கேட்காதே என்று யார் சொல்லித் தருவார்கள். அது மருமகளாக வரப்போகிறவளுக்குச் சொல்லித் தருகிற பேச்சு. எனக்கு உன் அப்பா வீட்டில் இப்படித்தான் சொல்லித் தந்தார்கள், மாமனார் தறியில் இருக்கும்போது அவரிடம் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்காதே என்று. அன்றைக்கே அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

சித்திரையில் நீ இன்னொரு ஊருக்குப் போனாய். ஈஸ்டர் சமயம், உள்ளே தள்ளி இருக்கிற ஊர், பெயர் என் வாயில் நுழையாது. குளிர் காலம் முடிந்து மானைக் கடற்கரைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் எல்லாக் குடும்பமும் அங்கே ஒன்றாகச் சேரும், பந்தயம், பாட்டுப் போட்டி, கல்யாணம் எல்லாம் அப்போதுதான் வைத்துக்கொள்வார்கள் என்றாய். உன் கூட வேலை செய்கிற மாரித் என்கிற பெண் கூப்பிட்டாள், அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம், போய்விட்டு வந்தேன் என்று சொல்லி நாலு போட்டோ அனுப்பினாய். எட்டு இருந்திருக்கும், நாலை எடுத்துவிட்டு நாலை அனுப்பியிருக்கிறாய். உன் பள்ளிக்கூடப் பரீட்சைப் பேப்பரையும் நீ இப்படித்தான் நல்லதாகப் பொறுக்கி எடுத்துக் காட்டுவாய். அந்த நாலிலும் நீ கருப்புக் கோட்டில் இல்லை. நீலச் சட்டையில் இருக்கிறாய், சிவப்புக் கரை, மார்பில் வெள்ளிப் பதக்கம் தட்டுத் தட்டாகத் தொங்குகிறது. இது என்ன என்று கேட்டதற்கு, மாரித் போட்டுப் பாருன்னு குடுத்தாம்மா, சும்மா போட்டோவுக்கு என்றாய். வெளி ஆள் போடக்கூடாது என்று இரண்டு மாதம் முன்னால் சொன்ன வாய்தான் இதையும் சொன்னது. சரி என்று விட்டேன். ஆனால் இரண்டாவது போட்டோவில் நீ சர்ச் வாசலில் நிற்கிறாய், உன் பக்கத்தில் மாரித்தின் அண்ணன் என்று நீ சொன்ன நீல்ஸ் நிற்கிறான், சுற்றி நிற்கிற அத்தனை பேரும் உங்கள் இரண்டு பேர் பக்கம் திரும்பி நிற்கிறார்கள். கல்யாணத்துக்குப் போனவள் ஓரத்தில் நிற்பாள், நடுவில் நிற்கமாட்டாள். பெண் எங்கே, மாப்பிள்ளை எங்கே என்று அந்தப் போட்டோவில் ஒரு நாள் முழுக்கத் தேடினேன். உங்களைத் தவிர யாரும் அகப்படவில்லை.

பெல்ட்டைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. என் போனில் பெரிதாக்கினால் கலங்கிவிடுகிறது, ஆஷிஃபாவைக் கூப்பிட்டு அவளுடைய லேப்டாப்பில் போடச் சொன்னேன். போட்டாள். இடுப்பில் வரிசையாக வெள்ளி வில்லை, எல்லாம் சதுரம். நான் படத்தைப் பார்க்கவில்லை, ஆஷிஃபா மூஞ்சியைப் பார்த்தேன். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, லைட்டு அப்படி விழுந்திருக்கும் அத்தை என்றாள். வட்டத்தின் மேல் எந்த லைட்டு விழுந்தால் சதுரமாகும், நீயே சொல்லு என்றேன். அடுப்புல பால் வச்சிட்டு வந்தேன் என்று எழுந்து போய்விட்டாள். அவர்கள் வீட்டில் அந்த நேரத்துக்குப் பால் காய்ச்ச மாட்டார்கள், எனக்குத் தெரியும். மாரித் கொடுத்தாள் என்றே வைத்துக்கொள்வோம், மாரித்துக்கே கல்யாணம் ஆகவில்லை என்று நீ சொல்லியிருக்கிறாய், அவளிடம் சதுர வில்லை ஏது. வேறு யாரோ கொடுத்தார்கள் என்றால், ஒரு போட்டோ எடுப்பதற்காக யாராவது தாலியைக் கழற்றிக் கன்னிப் பெண் கழுத்தில் போடுவார்களா. இங்கே போடமாட்டார்கள், அங்கேயும் போடமாட்டார்கள், கல்யாணத்தை உடம்பில் போட்டுக் காட்டுகிற ஜனங்கள் எந்த ஊரிலும் அதில் விளையாட மாட்டார்கள்.

இதோடு போயிருந்தால் நான் உன்னை நாலு திட்டு திட்டி எழுதிவிட்டு நிறுத்தியிருப்பேன். ஆஷிஃபா அவசரத்தில் லேப்டாப்பை மூடாமல் போய்விட்டாள், அதனால் மேலும் பார்த்தேன். உன் தோளில் ஒரு பட்டு மேலாடை, சுற்றி நிற்கிற பெண்களைப் போலவே முன்னால் கொண்டுவந்து வெள்ளி ஊசியால் குத்தியிருக்கிறாய். சந்தன நிறம், அரக்குக் கரை, கரையில் தாழம்பூ ஜரிகை, ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்குகிற நூல் குஞ்சம். அவர்கள் ஊரில் பட்டுப்பூச்சி இல்லை என்று எனக்குக்கூடத் தெரியும்.  போன ஆவணியில் உன் அப்பா தறியில் இருந்ததே அதுதான். புடவை நீளம் இல்லை, பாவாடைக்கு என்றால் அகலம் அதிகம், இது யாருக்கு என்று அப்போதே கேட்டேன். வடக்கே ஒரு சேட்டு வீட்டுல கேட்டிருக்காங்க என்றார். ஓரத்தில் இத்தனை நூலை வெட்டாமல் விட்டிருக்கிறீர்களே என்றதற்கு, அவங்களுக்கு அப்படித்தான் வேணுமாம், உனக்கின்னா என்றார். முப்பத்தோரு வருஷம் அந்த மனுஷனோடு குடித்தனம் செய்தவள் நான், அவர் பொய் சொன்னால் இடது காதைத் தடவுவார், அன்றைக்கும் தடவினார், காது அரிக்கிறது என்று நினைத்துவிட்டேன். பதினாறாம் நாள் முடிந்து நீ ஊருக்குக் கிளம்பும்போது அப்பா வேட்டியில் எதையோ சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தாயே, அதையும் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அப்பா ஞாபகமாக வேட்டி எடுத்துப் போகிறாய் என்று நினைத்து நானே பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். வெறும் வேட்டி அவ்வளவு கனக்காது.

ஒருவேளை அதே மாதிரி வேறு ஆடையாக இருக்கலாமே என்று நீ சொல்லுவாய் என்று தெரிந்துதான் இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மூலையில், கரை முடிகிற இடத்துக்கு இரண்டு விரல் மேலே, ஒரே ஒரு கருப்பு இழை குறுக்கே போகிறது. கண்ணு படக்கூடாது என்று அப்பா எதை நெய்தாலும் அந்த இடத்தில் ஒரு கருப்பு இழை வைப்பார், வாங்குகிறவர்கள் பிழை என்று சண்டைக்கு வந்தால்கூட எடுக்க மாட்டார். இந்தத் தெருவில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. அந்த இழையைப் பற்றி இன்னும் எழுதவேண்டியது இருக்கிறது, கடைசியில் எழுதுகிறேன்.

மறுநாள் ஆஷிஃபாவின் அத்தா ஷபியுல்லா பாயைப் பார்க்கப் போனேன். அப்பாவுக்கு நூலும் ஜரிகையும் எப்போதும் அவர்தானே கொடுப்பார். போன ஆவணியில் சந்தன நிறத்தில் நூல் கொடுத்தீர்களே, அது எந்தச் சேட்டு வீட்டுக்கு என்று கேட்டேன். பாய் தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார். உங்க வூட்டுக்காரரு என்கிட்ட வாக்கு வாங்கிக்கினு போயிட்டாரும்மா, அவரு மேல இருக்காரு, வாக்கு மட்டும் என் தலைமேல உட்கார்ந்துக்கினு இருக்குது, என்னை ஒண்ணும் கேக்காதீங்க, என் மூஞ்சியையும் பாக்காதீங்க என்றார். நான் கேட்கவில்லை, மூஞ்சியை மட்டும் பார்த்தேன். அது போதுமாக இருந்தது. வாசலில் செருப்புப் போடும்போது அவராகவே, பையன் நல்ல பையன்தாம்மா என்றார், உடனே, நான் ஒண்ணும் சொல்லல என்றார். பிரேம்நாத்தைப் பாய்க்குத் தெரியாது. வேறு எந்தப் பையனைச் சொன்னார் என்று நீதான் எழுதவேண்டும்.

பையனுக்கும் அப்பாவுக்கும் பழக்கம் உண்டா என்பது எனக்கு அடுத்த சந்தேகம். அதற்கும் சாட்சி நீயே அனுப்பியிருக்கிறாய். நாலு போட்டோவோடு ஒரு சின்ன வீடியோ இருந்ததே, அந்த நீல்ஸ் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறான், வார்த்தை ஒன்றும் இல்லை, லோ லோ லா என்று தொண்டையிலிருந்து வருகிறது, தொடையில் கையால் தட்டிக்கொள்கிறான். அந்த ஜனங்களில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பாட்டு உண்டு, ஆளைப் பற்றிப் பாடுவதில்லை, அந்த ஆளையே கூப்பிட்டுக்கொண்டு வருகிற மாதிரி பாடுவார்கள், செத்துப்போனவர்களையும் பாடுவார்கள் என்று நீ எழுதியிருந்தாய். படம் எடுத்தது நீதான், பாட்டு நடுவில் படம் ஆடுகிறது, நீ மூக்கை உறிஞ்சுவது கேட்கிறது. யாரோ ஒருவன் பாட்டுக்கு நீ ஏன் அழவேண்டும் என்று நினைத்தேன். அதை நான் முதலில் நூல் சுற்றிக்கொண்டே காதில் மட்டும் கேட்டேன், துளசி அக்காதான் என் போனில் போட்டாள். டக், கொஞ்சம் இடைவெளி, டக்கு டக். டக், இடைவெளி, டக்கு டக். என் கை நின்றுவிட்டது. அவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதையே மறந்து நம் தறிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், அங்கே சுவர்தான் இருக்கிறது. உன் அப்பா தாமல் ஏரிக்கரையில் வண்டியிலிருந்து விழுந்து இடது கால் மடங்காமல் போன பிறகு, மிதியை அந்தக் காலால் ஒரு மூச்சு தாமதமாகத்தான் மிதிப்பார். அந்த நொண்டித் தாளம் இந்த ஊரில் வேறு எந்தத் தறிக்கும் கிடையாது. ஆறு மாதமாக இந்த வீட்டில் கேட்காத சத்தத்தை அந்தப் பிள்ளை பனிக்கு நடுவில் உட்கார்ந்து தொடையில் தட்டுகிறான். போட்டோ பார்த்து அதைக் கற்க முடியாது. போனில் பல நாள் கேட்டிருக்கவேண்டும். ஆவணியில் நான் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் அப்பா தறியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டிருப்பார், என்னைக் கண்டதும் கவிழ்ப்பார், நெசவு சொசைட்டி ஆள் என்பார், காதைத் தடவுவார். இரண்டு பேருக்கும் ஒரு பாஷை கிடையாது, அதனால் அவர் நெய்துகொண்டே இருந்திருப்பார், அவன் கேட்டுக்கொண்டே இருந்திருப்பான்.

எதற்காக என்னிடம் மறைத்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை, அது எனக்கே தெரியும். என் தங்கை மகள் ஜோசுவாவைக் கட்டிக்கொண்டபோது நான் பத்திரிகையைத் திருப்பி அனுப்பினேன், நம்ம வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் அன்றோடு நான் இல்லை என்று தெருவில் நின்று சொன்னேன். நீ அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய், பக்கத்தில்தான் நின்றாய். அப்பாவும் நின்றார். சொன்னது நான்தான். இன்றைக்கு நான் இருக்கிறேன், இல்லாமல் போனது அவர். அதனால் அந்தப் பேச்சை இதோடு விட்டுவிடுகிறேன், நீயும் பதில் கடிதத்தில் அதை எடுக்கவேண்டாம், போன வாரம் தங்கை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன், ஜோசுவாதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

எனக்கு ஆறாத கோபம் வேறு. அந்த மனுஷன் கடைசி நாலு மாதம் பேசியதில் பாதியை எனக்குத் தெரியாமல் உன்னிடம் பேசியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் என்னிடம் மாத்திரையையும் கஞ்சியையும் பற்றித்தான் பேசினார். அவ்வளவுதான் பேச்சு மிச்சம் இருந்தது போலிருக்கிறது என்று நினைத்து நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்போது பார்த்தால் பேச்சு இருந்திருக்கிறது, வேறு பக்கம் போயிருக்கிறது. நான் செத்தாலும் கல்யாணத்தைத் தள்ளிப்போடாதே என்று சொன்னாரா. சொல்லியிருப்பார், இல்லாவிட்டால் அவர் போன ஆறாவது மாதம் நீ இப்படிச் செய்யமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். அந்தப் பையனை முதலில் பார்த்தபோது என்ன சொன்னார். சிரித்தாரா. என்னைப் பற்றி என்ன சொன்னார். உங்க அம்மாவிடம் இப்போது சொல்லாதே என்று மட்டும் சொன்னாரா, எப்போது சொல்லலாம் என்றும் சொன்னாரா. ஒன்று விடாமல் எழுது. அவர் சொன்ன மாதிரியே எழுது, நல்ல தமிழில் மாற்றி எழுதாதே. அதெல்லாம் எனக்குச் சேரவேண்டியது.

இனிமேல் அந்தக் கருப்பு இழை. போன ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை, நான் சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா தறியிலிருந்து கூப்பிட்டார். கண்ணு மங்கலா இருக்குது, கருப்பு தெரிய மாட்டேங்குது, இந்த ஒரு தடவை நீ வை என்றார். முப்பத்தோரு வருஷத்தில் அந்த இழையை என்னைத் தொடவிட்டது கிடையாது, சுத்த பத்தம் பார்ப்பார். சர்க்கரை கண்ணுக்கு வந்துவிட்டது என்று பயந்துகொண்டே போனேன். கையைக் கழுவிட்டு வா என்றார். கழுவிவிட்டு வந்தேன். சும்மா வைக்காத, யாரையாவது நெனச்சிக்கினு வை என்றார். யாரை என்று கேட்டேன். உன் பொண்ணை நெனச்சிக்கோ, அதுதான் தூரத்துல இருக்குது, எந்தக் கண்ணும் படாம இருக்கட்டும் என்றார். நானும் உன்னை நினைத்துக்கொண்டுதான் வைத்தேன். முதலில் வைத்த இழை அறுந்துவிட்டது, ஒரு சின்ன முடிச்சுப் போட்டு மறுபடியும் வைத்தேன். பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோவில் அந்த இழை நடுவில் கொஞ்சம் தடித்து இருக்கிறது, அது என் முடிச்சு. மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நச்சரித்தேன், பார்க்கலாம் என்று தட்டிக் கழித்தார். இப்போதுதான் ஒன்று ஞாபகம் வருகிறது. அன்றைக்குச் சாயங்காலம் அதே தறியில் ஜரிகை அறுந்தது, கண்ணாடி போடாமல், ஒரே தடவையில் எடுத்துக் கோத்தார். பக்கத்தில் நின்று நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் கண்ணுக்கு அன்றைக்கு ஒரு கேடும் இல்லை சந்தியா.

இதைக் கண்டுபிடித்த பிறகு நான் இரண்டு நாள் நூல் சுற்றப் போகவில்லை. மூன்றாவது நாள் காலையில் பெரியப்பா வந்தார், இன்னாமா முடிவு என்று கேட்டார். பிரேம்நாத் வீட்டில் வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள், என் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, சித்திரையில் ஆனது என்றேன். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். எங்க, யாரு, யாரைக் கேட்டு, யாரு போய் நடத்தி வச்சது என்று அடுக்கினார். அவங்க அப்பா நெய்து குடுத்தாரு, நான் காப்பு இழை வச்சேன், இன்னும் யாரு போகணும் என்று கேட்டேன்.  காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார், அதனால் ரொம்பக் கோபம் இல்லை என்று நினைக்கிறேன். போகும்போது, அந்தப் பக்கத்துல அவங்களுக்கு எத்தினி மாடு கன்னு என்று கேட்டார். கேட்கக்கூடாதாம் என்றேன்.

நான் சந்தேகப்பட்டது அத்தனையும் தப்பு என்றால் அதையும் எழுது. ஐயம்பேட்டைப் பையன் போனது போனதுதான், அதற்காக நான் வருத்தப்படமாட்டேன். தப்பு இல்லை என்றால் கார்த்திகையில் அப்பாவின் வருஷ திதிக்கு இரண்டு பேரும் வரவேண்டும். அந்தப் பிள்ளைக்கு இங்கத்திய வெயிலும் கொசுவும் ஒத்துக்கொள்ளுமா தெரியாது, கார்த்திகை என்றால் மழைதான், சமாளிக்கலாம். தறிமேல் போட்ட போர்வையை அன்றைக்கு எடுக்கிறேன், எந்தத் தறியின் சத்தத்தைக் கேட்டுப் பாடினான் என்று அவன் உட்கார்ந்து பார்க்கட்டும். என் எதிரில் வட்ட வில்லை போட்டுக்கொண்டு வந்து நிற்காதே, எது உண்மையோ அதைப் போட்டுக்கொண்டு வா. தலைக்கு எண்ணெய் வை, காலுக்கு இரண்டு உறை போடு, உறைந்த ஏரி மேல் நடந்தேன் என்று இன்னொரு தடவை எனக்குப் போட்டோ அனுப்பாதே. வரதர் உன்னையும், உன் பக்கத்தில் நிற்கிற நீல்ஸையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். உன் அப்பா ஆசீர்வாதம் எனக்கு முன்னாலேயே அங்கே வந்துவிட்டது, என்னுடையதை இதில் வைத்து அனுப்புகிறேன்.

ஒன்று மறக்காதே. அந்த மேலாடையை வெயிலில் காயப்போடாதே, நிழலில் போடு. அங்கே யாராவது அந்தக் கருப்பு இழையைப் பிழை என்று நினைத்து ஊசியால் எடுத்துவிடப் போகிறார்கள், உன் மாமியாரிடம் சொல்லி வை, அது பிழை இல்லை, பெண்ணைப் பெற்றவள் வைத்தது என்று.

இப்படிக்கு,
உன் அம்மா
கிருஷ்ணவேணி